குறைப் புத்தகம்

வெள்ளிக்கிழமை மாலைக்குள் உறுதி சொல்லாவிட்டால் கேரவனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று வாடகைக்காரர்கள் மூன்றாவது முறையாகப் போன் செய்தபோது, என் கணவர் சாப்பாட்டு மேசையில் அளவு நாடாவை விரித்துச் சர்க்கரை டப்பாவின் உயரத்தை அளந்துகொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"கேரவன் மேல் அலமாரி முப்பது சென்டிமீட்டர்னு போட்டிருக்கான். இந்த டப்பா உள்ள போகாது."

"சின்ன டப்பா எடுத்துட்டுப் போலாம்."

"சின்ன டப்பா வளைவுல உருளும்."

அன்று செவ்வாய்க்கிழமை. இந்த மனிதரை ஒரு முடிவுக்குக் கொண்டுவர எனக்கு மூன்று நாள் இருந்தது. அதற்கு முன்னால் ஐந்து வாரம் இருந்தது, அதை அவர் கரைத்துவிட்டார்.

நாங்கள் இருவரும் ஒரே பஸ் டிப்போவில் வேலை செய்கிறோம். அவர் ஓட்டுநர். நான் அலுவலகத்தில் நேர அட்டவணை போடுகிறவள். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த ஓட்டுநருக்கு எந்தத் தடம், யாருக்கு எப்போது விடுப்பு, எல்லாம் என் பேனாவில்தான். கேட்பதற்கு வசதியாக இருக்கும். உண்மையில், கணவருக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒரு வாய்கூடச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில், வேறு யாரும் கேட்காத தேதிகளைத்தான் அவர் தலையில் கட்டுவேன். அதனால் பத்தொன்பது வருடத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் விடுப்பு வந்ததே இல்லை. இந்த வருடம் ஒன்பது நாள் வந்தது. என் மேலதிகாரியே பார்த்துப் பரிதாபப்பட்டுப் போட்டுக் கொடுத்தது. அந்த ஒன்பது நாள் எனக்கு வேண்டும். அதை யாரும், சர்க்கரை டப்பாகூட, என்னிடமிருந்து பிடுங்குவதற்கு நான் விடுவதாக இல்லை.

கேரவன் யோசனை மகளுடையது. கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். எங்கெங்கோ இருப்பவர்கள் விமானம் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிற மலை, எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரிகிற மலை. அதில் நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு தடவைகூட ஏறியதில்லை என்பதை அவள் திடீரென்று கண்டுபிடித்துவிட்டாள். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. அதில் மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, அடுத்த மலை, அதற்கடுத்த மலை. படங்களைக் காட்டிக் காட்டி ஒற்றைக் காலில் நின்றாள். எனக்கு இரண்டாவது படத்திலேயே ஆசை வந்துவிட்டது. ஆனால் அம்மா என்கிற முறையில் ஆறு படம் வரை தாக்குப் பிடித்தேன்.

அந்த மலைப் பாதைதான் என் கணவரின் தடம். அடிவாரத்திலிருந்து உச்சி வரை இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். தினமும் இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை இறங்குகிறார், பத்தொன்பது வருடமாக. ஏற ஐம்பத்திரண்டு நிமிடம், இறங்க ஐம்பத்தெட்டு. அந்த எண்களை நான்தான் போட்டேன். எனக்கு அந்தப் பாதை நிமிடக் கணக்கில் மனப்பாடம். அங்கே ஒரு மரத்தைக்கூட நான் பார்த்தது கிடையாது.

ஆகவே பயணத் திட்டத்தை நானே போட்டேன், ஒரே ஞாயிற்றுக்கிழமையில். காலை ஆறு பத்துக்கு அடிவாரம். உச்சியில் காட்சி முனை, நான்கு நிமிடம் நிறுத்தம். தண்ணீர் நிரப்ப பதினைந்து நிமிடம். ஒன்பது நாளுக்கும் கட்டம் போட்டு, கடைசிப் பத்தியில் "ஓட்டுநர்" என்று எழுதி, அதன் கீழே ஒன்பது தடவையும் "அப்பா" என்று நிரப்பி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

மகள் படித்துப் பார்த்தாள். "அம்மா, இது டூரா, டூட்டியா?"

"நாலு நிமிஷம் பத்தாதுன்னா அஞ்சாக்கிக்கலாம்டி."

என் தம்பி பல் டாக்டர். வருகிறாயா என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே வருகிறேன் என்று சொல்லிவிட்டவன். அவன் வந்து திட்டத்தைப் பார்க்கவே இல்லை. காற்றடைக்கும் படகு ஒன்றும், மடக்கு நாற்காலி ஆறும், காப்பி அரைக்கிற இயந்திரமும் கொண்டுவருவதாகச் சொன்னான். நாங்கள் நாலு பேர்தானே, ஆறு நாற்காலி எதற்கு என்றேன்.

"யாராவது வந்தா உக்கார வைக்க வேண்டாமாக்கா?"

"மலை உச்சியில யாருடா வரப் போறாங்க?"

"நாலு பேர் பழகுற இடத்துல அப்படியெல்லாம் பேசக் கூடாதுக்கா."

இவனையாவது கத்தி அடக்கலாம். என் கணவரை அடக்க முடியாது, ஏனென்றால் அவர் கத்துவதே இல்லை. முடியாது என்றும் சொல்ல மாட்டார், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, தேநீரைக் குடித்துவிட்டு, கேரவன் நிறுவனத்தின் விளம்பரப் புத்தகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார். படித்துவிட்டு ஒன்று சொல்வார்.

"உயரம் மூணு புள்ளி ஒண்ணு. அஞ்சாவது வளைவுல மரக்கிளை தொங்குது."

மறுநாள்: "தண்ணித் தொட்டி பின்னாடி இருக்கு. ஏத்தத்துல வால் இழுக்கும்."

அதற்கு மறுநாள்: "சரிவுல நிறுத்தினா இந்த ஃபிரிட்ஜ் வேலை செய்யாதாம். பொடி எழுத்துல போட்டிருக்கான், பாரு."

"ஃபிரிட்ஜே வேண்டாங்க. ஒன்பது நாள் கெட்டுப் போனதைச் சாப்பிடுறேன். போதுமா?"

காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த பக்கத்தைத் திருப்புவார். கழிவறைக் கதவு இடது வளைவில் தானாகத் திறக்கும் என்று ஒரு முழு மாலையைத் தின்றார். நான் கதவைக் கயிறு போட்டுக் கட்டலாம் என்றேன். உள்ளே ஆள் இருந்தால் என்று கேட்டார். என் தலையில் நானே அடித்துக்கொண்டதில் மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது.

செவ்வாய் இப்படிப் போயிற்று. புதன் மாலை நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது, எல்லாவற்றையும் ஒழுங்காகத் தாளில் எழுதி மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். எண் போட்டு, கோடு போட்டு, முப்பத்தொரு வரிகள். நான் பையைக்கூடக் கீழே வைக்காமல் படித்தேன். மூன்றாவது வரியிலேயே இது என்ன என்று எனக்குப் புரிந்துவிட்டது.

காரணம் சொல்கிறேன். எங்கள் டிப்போவில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு குறைப் புத்தகம் உண்டு. வண்டியில் என்ன பழுது என்று ஓட்டுநர் அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், மெக்கானிக் சரி செய்கிற வரை வண்டி வெளியே போகக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிடிக்காத தடம் விழுந்த ஓட்டுநர்கள், முடியாது என்று வாயால் சொன்னால் வம்பு என்று, அந்தப் புத்தகத்தில் எழுதுவார்கள். ஹாரன் கம்மியாக அடிக்கிறது. கண்ணாடியில் புகை. இருக்கை ஆடுகிறது. இருபத்து நான்கு வருடம் அந்தப் புத்தகங்களைப் படித்தவள் நான். உண்மையான குறை ஒரு வரியில் இருக்கும். ஓட்ட மனமில்லாதவன் எழுதுகிற குறைதான் ஒரு பக்கத்துக்கு ஓடும். கையெழுத்தைப் பார்த்தே யாருக்கு எந்தத் தடம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவேன்.

என் கணவர் பத்தொன்பது வருடத்தில் பொய்க் குறை ஒன்றுகூட எழுதியதில்லை. டிப்போவில் அதற்கே அவருக்குப் பெயர். அந்த மனிதர் இன்னும் வாடகைக்கே எடுக்காத ஒரு வண்டிமேல் முப்பத்தொன்று எழுதியிருந்தார். கடைசி வரி இது: "ஓட்டுநர் இருக்கை சரியில்லை."

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். தாளைத் தூக்கிக் காட்டினேன்.

"உங்களுக்கு வர இஷ்டமில்லைன்னா வாயைத் திறந்து சொல்லிருக்கலாமே? அஞ்சு வாரமா என் உயிரை வாங்கணுமா?"

"இஷ்டமில்லைன்னு யார் சொன்னா?"

"நீங்கதான். முப்பத்தொரு தடவை சொல்லிருக்கீங்க. யார்கிட்ட எழுதிக் காட்டுறீங்க? நான் இதைப் படிச்சே பாதித் தலை நரைச்சவ."

துண்டை நாற்காலியில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

"சரி, முப்பதை விடுங்க. அந்த சீட்டுல என்ன குறை? ஆறு விதமா மாத்தலாம்னு போட்டிருக்கான். முதுகுக்குச் சூடு வருதாம். நீங்க இன்னும் அதை நேர்ல பார்க்கக்கூட இல்ல."

"அதுல உக்காந்தா ரோடு மட்டும்தான் தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பின்னே ஓட்டுநர் இருக்கையிலிருந்து கடலா தெரியும் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் உட்கார்ந்தார்.

"பதினோராவது வளைவு இருக்குல்ல. அதைத் திரும்பின உடனே பின்னாடி எல்லாரும் 'ஆ'ம்பாங்க. தினமும். ஏறும்போது ரெண்டு தடவை, இறங்கும்போது ரெண்டு தடவை. கைக்குழந்தைகூடக் கத்தும். எல்லாரும் ஜன்னல் பக்கம் சாயுறாங்களா, வண்டி அந்தப் பக்கம் லேசா அமுங்கும். எனக்கு ஸ்டியரிங்ல தெரியும். பத்தொன்பது வருஷமா அந்த 'ஆ'வைக் கேக்குறேன். அங்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"திரும்பிப் பார்க்க வேண்டியதுதானே?"

"அந்த வளைவுலயா? நாப்பது உசிரை வச்சுக்கிட்டா?"

"நிறுத்திப் பார்க்கலாம்ல?"

"ஒதுங்க இடமே கிடையாது. நிறுத்தாதேன்னு போர்டு இருக்கு. நீயும் அங்க நிறுத்தம் போடலையே."

"லீவு நாள்ல ஒரு பயணியா ஏறிப் போயிருக்கலாமே!"

"போனேன் ஒரு தடவை. ஜன்னலோரம் இடம் பிடிச்சு உக்காந்தேன். ஓட்டினவன் ஒன்பதாவது வளைவுல தப்பு கியர்ல எடுத்தான். பத்துல மறுபடி. பதினொண்ணு வந்தப்ப நான் கண்ணை மூடிக்கிட்டேன்."

சிரிக்கலாமா என்று பார்த்தேன். அவர் முகத்தில் அதற்கு இடமில்லை.

"இந்தத் தடவை குடும்பத்தோட போறோம்னதும் ஆசையா இருந்துச்சு. அப்புறம் நீ அந்த அட்டவணையை ஒட்டின. ஒன்பது நாளும் என்னையே போட்டிருந்த." துண்டை எடுத்து மடித்தார். "போடு, தப்பில்ல. வேற யாரு ஓட்டுறது? ஆனா நீங்க மூணு பேரும் என் பின்னாடி உக்காந்து 'ஆ'ன்னு சொல்றதை என்னால கேட்க முடியாது. அதான்."

என் மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்தத் தடத்தை அவருக்குப் போட்டது நான். மலைத் தடம் யாருக்கும் பிடிக்காது. கை வலிக்கும், ஒரு நொடி அயர முடியாது. எந்த ஓட்டுநருக்குப் போட்டாலும் மறுநாள் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பான், சங்கத்துக்கு எழுதுவான். இவருக்குப் போட்டால் ஒரு தொல்லையும் இல்லை. வீட்டு ஆள், கேட்க மாட்டார். முதலில் ஒரு மாதத்துக்கு என்று போட்டேன். பிறகு ஒவ்வொரு வருடமும் பழைய அட்டவணையைப் பார்த்து அப்படியே நகல் எடுத்தேன். அவர் ஒரு வரி எழுதியிருந்தால்கூட மாற்றியிருப்பேன். எழுதவில்லை என்பதால் அவருக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தொன்பது வருடம். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது. இந்த மனிதர் இதை ஒரு நாள் சோறு போடும்போது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியிலிருந்த அட்டவணையைக் கிழித்தேன். புதிய தாளில் கட்டம் போட்டு, கடைசிப் பத்தியில் ஒன்பது தடவை "அம்மா" என்று எழுதினேன்.

அவர் பார்த்துவிட்டு, "யாரு, நீயா?" என்றார்.

அந்த "நீயா"வை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

செய்தி கேட்டுத் தம்பி ஓடி வந்தான். "அக்கா, உனக்கு எதுக்கு ரிஸ்க்? நான் ஓட்டுறேன்."

"வேண்டாம்பா" என்றார் என் கணவர். "நீ எதையும் பிடிச்சு இழுத்தே பழகினவன்."

வெள்ளிக்கிழமை நானே வாடகைக்காரர்களை அழைத்து உறுதி சொன்னேன். ஓட்டப் போகிறவருக்கு என்ன அனுபவம் என்று கேட்டார்கள். பன்னிரண்டு வருடமாகக் கார் ஓட்டுகிறேன் என்றேன். வீட்டிலிருந்து டிப்போவுக்கு மூன்று கிலோமீட்டர் என்பதை அவர்கள் கேட்கவில்லை.

விடுப்புக்கு ஆறு வாரம் இருந்தது. ஞாயிறு தோறும் வாடகைக்காரர்களின் காலி மைதானத்தில் பயிற்சி. அந்தப் பூதத்தை நான் நேராகப் போக வைத்தேன், திருப்பினேன், பின்னால் எடுத்து ஒரு குப்பைத் தொட்டியைக் கொன்றேன். பக்கத்து இருக்கையில் என் கணவர். வீட்டில் வாயே திறக்காத மனிதருக்கு அங்கே எங்கிருந்துதான் அத்தனை வார்த்தை வந்ததோ.

"கண்ணாடி. கண்ணாடியைப் பாரு. அந்தக் கண்ணாடி இல்ல. வளைவுக்கு முன்னாடி கியரைக் குறை, வளைவுக்குள்ள இல்ல. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்காத, சூடாகும். இப்ப எதுக்கு மிதிக்கல?"

"ஒண்ணு மிதின்னு சொல்லுங்க, இல்ல மிதிக்காதன்னு சொல்லுங்க!"

நான்காவது ஞாயிறு வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஐந்தாவது ஞாயிறு மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டுச் சாலையில் ஏற்றி இறக்கினேன். அவர் என்னைத் திட்டாமல் இருந்தார், ஆனால் அவர் வலது கால் சும்மா இருக்கவில்லை. அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் தரையைத் தட், தட் என்று மிதித்துக்கொண்டே வந்தார். தரையில் விரித்த மிதியடியில் அவர் பாதம் படுகிற இடம் வெளுத்துப் போயிருந்தது. மகள் பின்னாலிருந்து, "அப்பா, நீங்க மலைக்கு வந்தும் அம்மா காலைத்தான் பார்க்கப் போறீங்க" என்றாள். அவர் மறுக்கவில்லை. எனக்கும் அந்தப் பயம்தான் இருந்தது. இவ்வளவும் செய்து, இவர் கடைசியில் என் கியரைப் பார்த்துக்கொண்டு வந்தால் என்ன செய்வது?

அந்த நாள் வந்தது. ஆறு பத்துக்கு அடிவாரம் என்பது ஏழு நாற்பதாயிற்று, தம்பியின் படகுதான் காரணம். நாற்காலிகளை இரண்டாகக் குறைத்திருந்தேன். அவன் பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முதல் வளைவு. தட். கியரைக் குறைத்தேன், கண்ணாடி, ஹாரன், அகலமாகத் திருப்பினேன். இரண்டாவது வளைவு. தட். ஐந்தாவதில் அந்த மரக்கிளை கூரையைச் சரக்கென்று உரசியது.

"சொன்னேன்ல?"

"சொன்னீங்க!"

ஏழாவதில் எதிரே பஸ் வந்தது. எங்கள் டிப்போ பஸ். அவருக்குப் பதிலாக நான் போட்டிருந்த ஸ்பேர் ஓட்டுநர் என்னை ஸ்டியரிங்கில் பார்த்ததும் வாயைப் பிளந்தான். ஏழு வளைவுக்கே அரை மணி ஆகிவிட்டது. ஐம்பத்திரண்டு நிமிடம் என்று எந்த மனசாட்சியுள்ள மனுஷி இதற்கு எழுதினாள்? எட்டு, தட். ஒன்பது, தட் தட். பத்தாவதில் கியரைச் சரியான நேரத்தில் மாற்றினேன். அவர் "ம்" என்றார்.

பதினோராவது வளைவுக்கு முன்னால் அந்தப் பலகை இருந்தது. நிறுத்தாதீர். சாலை முன்னால் செங்குத்தாக எழுந்து, அப்படியே மறைந்தது. பள்ளம் அவர் பக்கம். எனக்கு ஒரு பக்கம் பாறை, முன்னால் தார், தாருக்கு நடுவில் வெள்ளைக் கோடு. நான் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். கியரைக் குறைத்தேன். அந்தத் தட்டலுக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

திரும்பினேன். பின்னாலிருந்து மகள் "ஆ!" என்றாள். கோபமாக இருந்த என் தம்பி "ஆ!" என்றான். வண்டி ஒரு பக்கம் லேசாக அமுங்கியது, என் கைக்கு அது தெரிந்தது. அவர் சொன்னபடியே தெரிந்தது. பக்கத்து இருக்கையிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. மிதியடியில் கால் அசையவில்லை. கண்ணின் ஓரத்தில் அவர் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. முழுவதுமாகத் திரும்பியிருந்தார்.

கோடு, தார், பாறை. என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்னங்க இருக்கு அங்க?"

அவர் தலையைத் திருப்பவே இல்லை.

"ரோட்டைப் பாரு" என்றார்.